கல்லிற் பொறித்த கையொப்பம்

கீரிமலைத் தீர்த்தத்தின் பெருமை கூறும் புராண மரபில் இரண்டு முகங்கள் பேசப்படுகின்றன. ஒன்று கீரிமுகம், மற்றது குதிரைமுகம். நகுல முனிவர் கீரிமுகம் நீங்கப் பெற்றதும், சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லி குதிரைமுகம் மாறி மானிடமுகம் எய்தியதும் இத்தீர்த்தத்தில் நீராடியமையால் என்பர். அயலூராகிய மாவிட்டபுரத்தின் பெயருக்கும் அவ்வரசகுமாரியின் கதையையே காரணங் காட்டுவர். மனிதன்மேல் ஏறிய விலங்கு முகத்தைக் கழுவிப் போக்குதல் இத்தீர்த்தத்தின் தொழிலாயின், கேலிச்சித்திரக்காரனின் தொழில் அதற்கு நேர்மாறானது. மானிடமுகத்தோடு உலாவும் ஒருவனைப் பிடித்து, அவன் கழுத்தின்மேல் நரியின் தலையையோ காண்டாமிருகத்தின் தலையையோ பொருத்திவிடுதல் அவன் வித்தை. பொருத்திய தலை பொருந்திவிட்டாலோ, எத்தீர்த்தத்தில் ஆடினும் அது கழன்று போவதில்லை. 1830 முதல் 1848 வரை பிரான்சை ஆண்ட உலூயி பிலிப் மன்னன் இதற்குச் சான்று. அவன் நாட்டிய தூண்களையும் நிகழ்த்திய பேச்சுக்களையும் உலகம் மறந்துவிட்டது. அவன் தலை ஒரு பேரிக்காய் என்பதை மாத்திரம் மறக்கவில்லை.

பேரிக்காயைக் கண்டுபிடித்தவர் சார்ல் பிலிப்போன் என்னும் பத்திரிகையாளர். 1831ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அரசனை இழிவுபடுத்திய குற்றத்துக்காக நீதிமன்றில் நிறுத்தப்பட்ட அவர், ஒரு தாளில் நான்கு முகங்களை வரைந்து காட்டினார். முதலாவது அரசன், நான்காவது பேரிக்காய். இடையிலுள்ள இரண்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் படிகள். அரசனைப் போன்றிருக்கும் எதனையும் வரைதல் குற்றமெனின், பேரிக்காய்களுக்கெல்லாம் தண்டனை விதிக்கவேண்டும் என்பது அவர் வாதம். வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆறு மாதச் சிறையும் 2,000 பிராங்கு அபராதமும் விதித்தது. நகரத்துச் சிறுவர் ஏற்றனர். பாரிசு நகரின் சுவரெல்லாம் கரிக்கட்டியாற் பேரிக்காய் எழுதப்படலாயிற்று.

பிலிப்போன் பத்திரிகையை நடத்தினார். படம் வரைவதற்குப் பல இளைஞரைத் தேடிச் சேர்த்தார். அவருள் ஒருவரே ஒனோரே டோமியே. 1808இல் மார்செய் நகரிற் பிறந்தவர். கண்ணாடி வேலை செய்தவரின் மகன். இளமையில் நீதிமன்றச் சிற்றாளாகவும் புத்தகக்கடைப் பணியாளாகவும் அலைந்தவர். கலைக்கழகப் பட்டம் எதுவும் அவருக்கில்லை. அவர் கற்ற கலை கல்லச்சு.

கல்லச்சு என்பது யாது என்று கூறாது மேலே செல்லுதல் இயலாது. ஏனெனில் டோமியேயின் துணிவும் அவர் பட்ட துன்பமும் அக்கல்லோடு பிணைந்தவை. அச்சுமுறை ஜேர்மனியின் பவேரியாவில் அலோய்சு செனபெல்டர் என்பவராற் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டறியப்பட்டது. தாம் எழுதிய நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழிதேடியவர் அவர். சொல்ன்கோபன் என்னுமிடத்தில் அகழப்படும் நுண்மணிச் சுண்ணக்கல்லைத் தேய்த்து மட்டமாக்கி, அதன்மேல் நெய்ப்பசையுள்ள கரிக்கோலால் வரைவர். பின்பு கல்லை நீரால் நனைப்பர். வரைந்த இடம் நீரை ஏற்காது. வரையாத இடம் ஏற்கும். அதன்மேல் எண்ணெய் மையை உருட்டினால், ஈரமுள்ள இடத்தில் மை ஒட்டாது. கோடுள்ள இடத்தில் ஒட்டும். தாளை வைத்து அழுத்தப் படம் பதிந்துவிடும். உளியுமில்லை, செதுக்கலுமில்லை, எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கொண்ட பகையே அச்சாகிறது. காலையில் வரைந்ததை மாலையில் ஆயிரம் தாளிற் காணலாம். பணி முடிந்ததும் கல்லைத் தேய்த்தழித்து வேறொரு படத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்குச் சுண்ணக்கல் புதிதன்று. அவர்கள் குடியிருப்பதே அதன்மேல். வானம் பொழிந்த நீர் அக்கல்லின் துளைகளூடும் பிளவுகளூடும் இறங்கி, நிலத்தடியே வழிதேடிச் சென்று, உவர்க்கடலின் விளிம்பிலே நன்னீராக வெளிப்படுவதே கீரிமலை ஊற்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை அரைத்ததும் இக்கல்லையே. ஆயினும் இது வரைவதற்குரிய கல்லன்று. நீரைத் தன்னூடு செல்லவிடும் கல் நம் கல். நீரை மேற்பரப்பிலேயே பிடித்து வைத்திருக்கும் கல் பவேரியாவின் கல். ஒன்று தீர்த்தமாயிற்று, மற்றொன்று பத்திரிகையாயிற்று.

கல்லச்சில் இன்னுமோர் இயல்புண்டு. தாளில் இடப்புறம் விழவேண்டியதைக் கல்லில் வலப்புறம் வரைதல் வேண்டும். எழுத்தும் அவ்வாறே. ஆகவே ஓவியன் தன் பெயரைக் கல்லிற் பொறிப்பதாயின், கண்ணாடியிற் காண்பதுபோலத் தலைமாற்றி எழுதவேண்டும். தன்னையறியாது கைபோன போக்கில் இடும் ஒப்பமாக அது அமையாது. ஒவ்வோரெழுத்தையும் நினைந்து இடும் ஒப்பமாகவே அமையும். டோமியேயின் படங்களிற் பெரும்பாலானவற்றின் மூலையிற் காணப்படுவது அவர் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டே. அவ்விரண்டெழுத்தை ஆராய்வதற்குக் காரணமுண்டு. இக்காலத்து ஓவியச் சந்தையில், 'கையொப்பமிட்ட கல்லச்சுப்படம்' என்றால், தாளின் அடியோரத்திற் பென்சிலாற் பெயரும், எத்தனை பிரதிகளுள் இஃது எத்தனையாவது என்ற இலக்கமும் எழுதப்பட்டது என்று பொருள். படம் அரிது, ஆதலால் விலை மிகுதி என்று வாங்குவோனுக்கு உறுதி கூறும் ஒப்பம் அது. டோமியே கல்லில் இட்டது அத்தகையதன்று. பிரதிகள் எத்தனை பெருகினும் அத்தனையிலும் அது இருக்கும். விலையை ஒரு சல்லியும் கூட்டாது. வாங்குவோனுக்காக இட்ட ஒப்பமன்று அது. வழக்குத் தொடுப்போன் தேடி வருவானாயின் அவன் அலைய வேண்டாமென்று இட்ட ஒப்பம்.

வழக்கும் வந்தது. 1831 டிசம்பரில் டோமியே 'கார்கந்துவா' என்னும் படத்தை வரைந்தார். கார்கந்துவா பிரெஞ்சு இலக்கியத்திற் பேருண்டி கொள்ளும் அரக்கன். பேரிக்காய்த் தலையோடு மன்னன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். அவன் வாயிலிருந்து தரைவரை ஒரு நீண்ட பலகை சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏழைகள் கூடைகளிற் கொட்டும் காசைச் சுமையாளர் அப்பலகை வழியே ஏறிச் சென்று அவன் வாயிற் கொட்டுகின்றனர். அமர்ந்த நாற்காலியோ மலங்கழிக்கும் நாற்காலி. உண்ட காசு அதன் கீழே பட்டங்களாகவும் பதவிக் கட்டளைகளாகவும் விழ, அவற்றைப் பொறுக்க ஒரு கூட்டம் முண்டியடிக்கிறது. ஏகசக்கர நகரத்தார் பகாசுரனுக்கு வண்டிவண்டியாகச் சோறனுப்பிய கதையறிந்த தமிழ் வாசகனுக்கு இப்படத்தை விளக்கவேண்டியதில்லை. படம் பறிமுதலாயிற்று. 1832 பெப்ரவரியில் நீதிமன்றம் ஓவியருக்கு ஆறு மாதச் சிறையும் 500 பிராங்கு அபராதமும் விதித்தது. தண்டனை உடனே நிறைவேற்றப்படாது நின்றது. அவர் அடங்குவார் என எதிர்பார்த்திருக்கலாம், அவர் அடங்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் அவரைச் செந்த் பெலாசி சிறைக்குக் கொண்டு சென்றனர். 1833இன் தொடக்கத்திலேயே அவர் விடுதலையானார்.

'கார்கந்துவா' இன்று பெற்றிருக்கும் புகழிற் பாதி சிறைச்சாலை அளித்தது என்று கூறுதல் தவறாகாது. கலைநோக்கில் அது முதிராத படைப்பு. கருத்து ஒரே வீச்சில் விளங்கிவிடுகிறது. விளங்கிய பின் கண்ணுக்கு வேலையில்லை. சிறு மனிதர் பலர் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கின்றனர். அவர்களுள் ஒருவனும் தனி மனிதனாக உருப்பெறவில்லை. ஆயினும் அப்படத்தில் ஒன்று உண்மையாக வரையப்பட்டிருக்கிறது. அது கனம். அரக்கனின் வயிறு நாற்காலியின்மேல் இறங்கி அமர்ந்திருக்கும் பாரத்தைக் கோட்டினாலேயே காட்டிவிட்ட கை, இருபத்து நான்கு வயது நிரம்பாத இளைஞனின் கை. அந்தக் கனத்தை மனதிற் கொள்ளுதல் வேண்டும். இரண்டரையாண்டு கழித்து அதே கை அதனை வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறது.

1834 ஏப்ரலில் இலியோன் நகரத்துப் பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். சங்கங்கூடுதலைத் தடுக்கும் புதிய சட்டம் அதற்கொரு காரணம். கிளர்ச்சி பாரிசுக்கும் பரவிற்று. படையினர் தெருத்தடைகளை உடைத்து வருகையில், திரான்சுநோனேன் தெருவின் 12ஆம் இலக்க வீட்டிலிருந்து வெடி தீர்ந்தது என்றும் அதிகாரி ஒருவர் காயமுற்றார் என்றும் கூறி, விடியற்பொழுதில் அவ்வீட்டினுட் புகுந்தனர். உறக்கத்தில் இருந்தோரும் உறக்கம் கலைந்தோருமாக ஒரு டசினுக்குக் குறையாதோர் அங்கே கொல்லப்பட்டனர். அவருள் முதியோரும் பெண்டிரும் இருந்தனர்.

அக்காலத்திற் பிலிப்போன் ஒரு மாதாந்தச் சந்தாவை நடத்தி வந்தார். பத்திரிகைமேல் விழும் அபராதங்களைக் கட்டுதற்குப் பணந்திரட்டுவதே அதன் நோக்கம். சந்தா செலுத்தியோருக்கு மாதமொரு பெரிய கல்லச்சுப்படம் வழங்கப்பட்டது. வரிசையில் 24ஆவதும் இறுதியுமான படம் டோமியே வரைந்தது. அதன் தலைப்பு: 'திரான்சுநோனேன் தெரு, 15 ஏப்ரல் 1834'.

ஓர் அறை. சுவரும் திரையும் அரையிருளில் மங்கிக் கிடக்கின்றன. குலைந்த படுக்கையின் விளிம்பிற் சாய்ந்து, கால்களைத் தரையில் நீட்டி ஒரு மனிதன் கிடக்கிறான். உடலில் இரவுச்சட்டை, அது மேலேறித் தொடை தெரிகிறது. தலையில் இரவுத்தொப்பி. அவன் உடலின் கீழே ஒரு குழந்தை நசுங்கிக் கிடக்கிறது. சிறிய தலையும் கையும் மாத்திரமே வெளியே தெரிகின்றன. இடப்புறத்து நிழலில் ஒரு பெண்ணின் உடல். வலப்புற ஓரத்தில் ஒரு முதியவரின் தலை. அவர் உடலைப் படத்தின் எல்லைக்கோடு வெட்டி அப்பால் விட்டுவிடுகிறது. ஒரு நாற்காலி கவிழ்ந்திருக்கிறது. தரையில் இரத்தம். வேறெதுவுமில்லை.

வேறெதுவுமில்லை என்பதே இப்படத்தின் முதற் சிறப்பு. கொன்றவன் இதில் இல்லை. ஒரு படைவீரன் காலணிகூட இல்லை. அரசியற் கேலிச்சித்திரக்காரன் ஒருவனிடம் இத்தகைய நிகழ்ச்சியைக் கொடுத்தால் அவன் முதலிற் செய்யக்கூடியது, கொலைசெய்யும் வீரனுக்கு ஓநாய் முகமும் பின்னால் நிற்கும் அமைச்சனுக்குக் கழுகு முகமும் கொடுத்தலாகும். பேரிக்காயை ஒரு மூலையிலேனும் வைக்காதிருத்தல் அரிது. டோமியே கையில் அவ்வித்தை முழுவதும் இருந்தது. அதிலே பிரான்சில் அவருக்கு ஒப்பாருமில்லை. அதனை அவர் எடுக்கவில்லை. முகம் திரித்தலையே தொழிலாகக் கொண்டவர், ஒரு முகத்தையும் திரியாது வைத்தார். இறந்தவனின் முகம் ஒரு தொழிலாளியின் முகம், அவ்வளவே. அது அழகுபடுத்தப்படவுமில்லை, தியாகி என்னும் ஒளிவட்டம் அதற்குச் சூட்டப்படவுமில்லை.

இரண்டாவது, முன்பு குறித்த கனம். அரக்கன் வயிற்றில் நகைப்பை விளைத்த அதே பாரம் இங்கே தந்தையின் உடலில் இறங்கியிருக்கிறது. உயிருள்ள உடல் தன்னைத் தானே ஓரளவு தாங்கிக்கொள்ளும். உயிர் நீங்கிய உடல் தன் பாரம் முழுவதையும் கீழுள்ளதன்மேல் இறக்கிவிடும். இங்கே கீழுள்ளது அவன் குழந்தை. காப்பதற்காக அணைத்தானோ, விழுந்தபோது அது அகப்பட்டதோ, படம் கூறவில்லை. எவ்வாறாயினும் தந்தையின் கனமே மகவின்மேல் இறங்கிக் கிடப்பதைக் கண்ட கண் எளிதில் அதனை விட்டு அகலாது. கேலிச்சித்திரத்தில் ஓவியன் கற்ற பாடம் வீண்போகவில்லை. பருத்த வயிறுகளை நூற்றுக்கணக்கில் வரைந்து பழகாதவன் இந்த உடலை இவ்வாறு வரைந்திருத்தல் இயலாது.

மூன்றாவது, அந்த இரவுத்தொப்பி. ஐரோப்பிய நகைச்சுவை நாடகத்திலும் சித்திரத்திலும் அது கோமாளித்தனத்தின் அடையாளம். கொட்டாவி விடும் கணவனின் தலையணி. டோமியேயே பிற்காலத்தில் அதனை வைத்துப் பலமுறை நகைக்கச் செய்தவர். இப்படத்தில் அது சாட்சியம். தெருத்தடையில் நின்று போரிட்டவன் இரவுத்தொப்பி அணிந்திருக்கமாட்டான். இம்மனிதன் உறங்கிக்கொண்டிருந்தவன் என்பதற்கு வேறு வழக்குரையும் வேண்டியதில்லை. நகைப்புக்குரிய ஒரு பொருள், அதன் வடிவிற் சிறிதும் மாறாமலே, நீதிமன்றில் வைக்கத்தக்க சான்றாக மாறிவிட்டமை நோக்கற்பாலது.

குறை காண்பதற்கும் இடமுண்டு. ஒளி விழும் முறை சற்று அமைத்துவைத்ததுபோல் இருக்கிறது. இருளின் நடுவே வெண்சட்டையின் மேல் மாத்திரம் வெளிச்சம் குவிதல், சிலுவையிலிருந்து இறக்கிய கிறித்துவின் உடலை வரைந்த பழைய ஓவியரிடம் கற்ற பாடம். கிடந்த உடலின் சாய்விலும் அப்பாடத்தின் வாடை வீசுகிறது. செய்தியைத் தருவதே நோக்கமெனின் இவ்வளவு ஒழுங்கு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் வலப்புறத்து முதியவரின் தலை அவ்வொழுங்கை உடைத்துவிடுகிறது. பழைய ஓவியன் எவனும் ஓர் உடலை அவ்வாறு எல்லைக்கோட்டால் துண்டித்திருக்கமாட்டான். அறை படத்தோடு முடியவில்லை, அப்பாலும் இவ்வாறே கிடக்கிறது, அடுத்த அறையும் மேல்மாடியும் அவ்வாறே என்று அந்தத் தலை தெரிவிக்கிறது.

இதனைக் கேலிச்சித்திரம் என்று கூறலாமா என்னும் வினா அன்றே எழுந்தது. கவிஞர் போதலேர் 1857இற் பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரரைப் பற்றி எழுதியபோது, இப்படத்தை அவ்வகையிற் சேர்க்கத் தயங்கி, வரலாறு என்னும் வகையில் வைத்தார். பெரும் புகழ்ச்சிதான். ஆயினும் அப்புகழ்ச்சியில் ஓர் இழப்பு மறைந்திருக்கிறது. வரலாற்று ஓவியம் என்றால் அரசன் பணம் கொடுத்து அரண்மனைச் சுவரில் மாட்டுவது. இப்படம் கடைக் கண்ணாடியில் மாட்டப்பட்டது. மக்கள் தெருவில் நின்று முண்டியடித்துப் பார்த்தனர். அரசனைப் பேரிக்காயாக்கி நகைத்த அதே கை இதனையும் வரைந்தது என்பது அம்மக்களுக்குத் தெரியும். நேற்றுவரை நகைக்கச் செய்தவன் இன்று நகைக்க மறுக்கிறான் என்பதே அவர்களை வாயடைக்கச் செய்தது. நகையாளனின் மௌனத்துக்கு உள்ள வலிமை வரலாற்றோவியனின் மௌனத்துக்கு இல்லை. அதனால் இப்படத்தைக் கேலிச்சித்திரத்தின் எல்லைக்கு வெளியே எடுத்துச் செல்லாது, அதன் உள்ளேயே, அதன் ஆகவுயர்ந்த இடத்தில் வைத்தலே முறை.

தலைப்பை நோக்குக. அதிற் கிண்டலில்லை, கண்டனமில்லை, 'படுகொலை' என்ற சொல்லுமில்லை. ஓரிடமும் ஒரு நாளும் மாத்திரமே உண்டு. ஆடி அமாவாசையிற் கீரிமலைக் கடற்கரையில் தந்தைக்குப் பிதிர்க்கடன் செய்ய அமர்ந்தோர் இதன் பொருளைப் பிறரினும் விரைந்து உணர்வர். கிரியை தொடங்குமுன் குருக்கள் சங்கற்பம் செய்விக்கையில், இன்ன இடம், இன்ன நாள் என்று முதலிற் கூறப்படுகின்றன. பின்பே இறந்தாரின் பெயர். இடமும் நாளும் கூறாது செய்த கடன் உரியவரைச் சென்றடையாது என்பது நம்பிக்கை. டோமியே இடத்தைச் சொன்னார், நாளைச் சொன்னார். இறந்தாரின் பெயரை அவர் படத்தில் இடவில்லை. பெயரிருக்கவேண்டிய இடத்திற் கடன் செய்பவனின் பெயராகத் தம் ஒப்பத்தை வைத்தார். இந்த இடத்தில், இந்த நாளில் இது நடந்தது. இதற்கு நான் பொறுப்பு என்பதே அதன் கருத்து. வெறும் ஓவியக் கையொப்பமாக அதனைக் கொள்ளுதல் படத்தைப் பாதி பார்த்தலாகும்.

அரசு அதனை அவ்வாறே விளங்கிக்கொண்டது. கிடைத்த பிரதிகள் பறிமுதலாயின, கல்லையும் கைப்பற்றினர். அடுத்த ஆண்டு, 1835 செப்டெம்பரில், புதிய பத்திரிகைச் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டம் எழுத்துக்கு முன்தணிக்கை விதிக்கவில்லை, படத்துக்கு விதித்தது. எழுத்து கருத்தை வெளியிடல், படமோ கண்ணினூடே நேரே செயலைத் தூண்டல் என்பது சட்டமியற்றியோர் தந்த விளக்கம். கேலிச்சித்திரக்காரர் பெற்ற நற்சான்றுகளுள் இதனினும் உயர்ந்தது இல்லை எனலாம். பிலிப்போனின் முதற் பத்திரிகை நின்றது. டோமியே அரசரை விட்டு வழக்கறிஞரையும் வைத்தியரையும் வீட்டுக்காரரையும் வரையத் தொடங்கினார். வாழ்நாளில் ஏறத்தாழ 4,000 கல்லச்சுப்படங்களை வரைந்து, இறுதியிற் பார்வை மங்கி, 1879இல் மறைந்தார். திரான்சுநோனேன் தெருவோ 1851இல் அயற்றெருவோடு இணைக்கப்பட்டுத் தன் பெயரை இழந்தது. பாரிசுப் படத்தில் அத்தெருவைத் தேடுவோர் காணார். கல்லச்சுத் தாளின் அடியில் மாத்திரமே அது இருக்கிறது. 1990இல் ஊரைவிட்டுப் பெயர்ந்து, இரண்டு பதிற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் மீண்டு வந்து, ஒழுங்கையின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டு வீட்டின் அத்திவாரத்தைத் தேடிய வலிகாமம் வடக்கு மக்களுக்கு, இடப்பெயர் ஒன்று தாளில் எஞ்சுதல் சிறிய காரியமன்று.

இனித் தமிழின் பக்கம் நோக்கலாம். தமிழ்ப் பத்திரிகையில் அரசியற் கேலிச்சித்திரத்தை முதன்முதலிற் கொண்டுவந்தது சென்னையில் 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழ் என்பர். சித்திரத்தின் கருத்து பாரதியாருடையது. அதனை விளக்கி அவரே எழுதிய குறிப்பும் உடன் வெளிவந்தது. விளக்கம் சிலவேளை படத்தினும் நீண்டது. படத்தையே நம்பிவிடாத ஆசிரியரின் அச்சம் அதிற் புலப்படுகிறது எனக் குறைகூறலாம்; ஆனால் படத்தை வாசித்துப் பழகாத மக்களுக்கு அப்பழக்கத்தை ஊட்டியதும் அக்குறிப்பே. குறை வேறிடத்தில் உண்டு. வரைந்தவர் பெயர் வாசகருக்கு அறிவிக்கப்படவில்லை. 1908இல் அரசு வழக்குத் தொடுத்தபோது, பத்திரிகையின் பொறுப்பாளராகப் பதியப்பட்டிருந்த எம். சீனிவாசன் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று அங்கிருந்து இதழை நடத்த, அது 1910இல் நின்றது. கருத்து ஒருவருடையது, கோடு ஒருவருடையது, சிறை ஒருவருடையது. அந்நிய ஆட்சியின் அடக்குமுறையில் இப்பிரிவினை தவிர்க்க முடியாததாயிருக்கலாம். அதனைப் பழித்தல் நியாயமன்று. ஆயினும் கோட்டுக்குரியவர் மறைந்து நின்றமையால், கோட்டைக் கலையாகக் கருதி ஆராயும் மரபு தமிழில் நெடுங்காலம் தோன்றவில்லை. படத்தின் கருத்தைப் பற்றியே பேசினர். படத்தைப் பற்றிப் பேசியவர் சிலரே.

வங்காளத்தில் நிலை வேறு. இரவீந்திரநாத தாகூரின் பெறாமகன் முறையினரான ககனேந்திரநாத தாகூர், தம் இல்லத்திலேயே கல்லச்சு இயந்திரம் ஒன்றை அமைத்து, 1917இல் 'விரூப வச்சிரம்', 'அற்புத லோகம்' என்ற இரு தொகுதிகளையும், 1921இல் 'நவ உல்லோடு' என்னும் தொகுதியையும் தம் பெயரிலேயே வெளியிட்டார். வெள்ளையரைப் போல் உடுத்தித் தடுமாறும் படித்தவர், சாதியின் அரைகல்லில் மனிதரை அரைக்கும் சமூகம், மாணவரை விழுங்கும் பல்கலைக்கழகம் என்பன அவர் நகைப்புக்கு இலக்காயின. புகழின் உச்சியில் நின்ற சிறிய தந்தையாரையும் அவர் வானிற் பறக்கவிட்டு நகைத்தார். கோடு தடித்தது, கரிய நிறம் பெரும் பரப்பாகத் தேங்கி நிற்பது, டோமியேயின் கல்லில் உள்ள மென்னிழல் அவரிடம் இல்லை. அதனைக் குறையென்பதினும் வேறு குணமென்பதே பொருந்தும். மூன்றாவது தொகுதியில் 'பஞ்சாபில் அமைதி பிரகடனமாயிற்று' என்னும் படமுண்டு. 1919 ஏப்ரல் 13இல் அமிர்தசரசில் நிகழ்ந்த கொலையே அதன் பின்னணி. பாரிசின் கொலையும் பஞ்சாபின் கொலையும் சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களில் நிகழ்ந்தமை தற்செயல். இரு ஓவியரும் தலைப்பிட்ட முறையில் உள்ள வேறுபாடு தற்செயலன்று. ககனேந்திரநாதர் அரசின் சொல்லையே எடுத்து அரசின் முகத்தில் எறிகிறார். நகைப்பு அங்கே இறுதிவரை ஆயுதமாகவே நிற்கிறது. டோமியே ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டார். முன்னதற்கு அறிவு வேண்டும். பின்னதற்கு அறிவினும் அரிதான வேறொன்று வேண்டும்.

ஈழத்தில் அக்கோட்டுக்கு ஒரு பெயர் கிடைக்கப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. கரவெட்டியைச் சேர்ந்த சி. சிவஞானசுந்தரம் 'தினகரன்' இதழிற் 'சவாரித் தம்பர்' என்னும் பாத்திரத்தை வரைந்து, 1963இற் கொழும்பிலிருந்து 'சிரித்திரன்' என்னும் நகைச்சுவை ஏட்டைத் தொடங்கினார். பின்னர் அது யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. அவர் வரைந்தது கல்லிலன்று. வரையும் கருவிகளும் அச்சும் மாறிவிட்டன. ஆனால் படத்தின் மூலையில் 'சுந்தர்' என்னும் ஒப்பம் தவறாது இருந்தது. கிராமத்துத் திண்ணைப் பேச்சும் வேட்டியின் மடிப்பும் வண்டில் மாட்டின் திமிலும் அக்கோட்டில் உயிர்பெற்றன. வாசகர் பலர் அவருடைய முழுப்பெயரை அறியார். ஏட்டின் பெயரையும் ஒப்பத்தையும் சேர்த்துச் 'சிரித்திரன் சுந்தர்' என்றே அவரை அழைத்தனர்.